சீர் வண்டி பின்னால் போகாது

காமியா ஷோஸோ கூட்டத்துக்கு வருகிறார் என்றால் மற்றவர்கள் மேசை மேல் இருக்கும் சாமான்களை எடுத்து டிராயருக்குள் போட்டுக்கொள்வார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் "இது எதுக்கு?" என்று கேட்கிற மனிதர். கார் கம்பெனியில் செலவைக் குறைக்கும் பிரிவுக்குத் தலைவர் அவர். கேட்டுக் கேட்டே பாதிக் காரைக் கழற்றிவிட்டார் என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு.

அதில் பொய்யும் இல்லை. அடுத்த வசந்தத்தில் வெளிவர இருந்த 'கொத்தோரி' என்ற குட்டிக் காரிலிருந்து அவர் எடுத்தவற்றைக் குவித்து வைத்தால் ஒரு தள்ளுவண்டி நிரம்பும். முன்னால் சாமான் வைக்கிற பெட்டியின் மூடி போயிற்று. வெயில் மறைப்பில் ஒன்று போயிற்று. உடம்புத் தகட்டை எவ்வளவு மெல்லிசாக்க முடியுமோ அவ்வளவு மெல்லிசாக்கினார். கடைசியில் மழையில் நனைந்தால் கரைந்துவிடுமோ என்று டிசைன் பிரிவுக்காரர்கள் சிரித்தார்கள். காமியா சிரிக்கவில்லை. மூன்றரை லட்சம் யென்னுக்கு மேல் ஒரு காசு போகக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வேதம்.

வெறும் கஞ்சத்தனம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. மகள் சச்சியே சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிப் போனாள். கொட்டுகிற மழையில் அவளைச் சைக்கிளின் பின்னால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, யாஹகி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அந்தக் கொதிக்கிற நெற்றியை அவர் முதுகு இன்னும் மறக்கவில்லை. சம்பளக்காரன் வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்க வேண்டும், அதற்கு விலை இறங்க வேண்டும். இதை அவர் யாரிடமும் விளக்கமாகச் சொன்னதில்லை. சொல்லாததால் கஞ்சன் என்ற பட்டம் நிலைத்துவிட்டது, அவரும் அதை மாட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் மிச்சமிருந்த சண்டை ஒன்றே ஒன்று. ரிவர்ஸ் கியரை நகர்த்துகிற ஃபோர்க், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு துண்டு இரும்பு. அதை உருக்கி வார்க்க வேண்டும் என்றார் கியர் பிரிவின் நிஷிவாகி. தகட்டில் வெட்டி மடித்தால் போதும் என்றார் காமியா. ஒரு வண்டிக்கு மிச்சமாவது ஒரு கிண்ணம் நூடுல்ஸ் காசுதான். ஆனால் வண்டி ஆயிரக்கணக்கில் ஓடப் போகிறதே.

நிஷிவாகி ஒசாகாக்காரர். இந்த மிகாவா மண்ணுக்கு வந்து பாதி ஆயுசு கழிந்தும் அந்த வாய் மட்டும் ஊர் மாறவில்லை. காமியாவுக்குப் பக்கத்துத் தெரு. இரண்டு பேரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவார்கள், சேர்ந்து குடிப்பார்கள், காலையில் ஆபீசில் ஒருவரை ஒருவர் கடித்துத் தின்பார்கள்.

"நாள் பூரா ஓட்டினாலும் எத்தனை தடவை பின்னால போவோம், நிஷிவாகி சான்? இப்போ நாடே முன்னாலதான் போயிட்டிருக்கு," என்றார் காமியா.

"போறவன் போகட்டும். ஆனா பின்னால எடுக்கிறவன் எவனும் நிதானமா எடுக்க மாட்டான். எதிர்ல லாரி நிக்கும், பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிப்பான், பக்கத்துல பெண்டாட்டி திட்டுவா. பதட்டத்துல பிடுங்கி இழுப்பான். தகடு அப்பவே வளைஞ்சுரும். வளைஞ்சு ரெண்டு கியருக்கும் நடுவுல மாட்டிச்சுன்னா வண்டி முன்னாலயும் போகாது, பின்னாலயும் போகாது."

"வண்டியோட கொடுக்கிற புத்தகத்துல ஒரு வரி எழுதிடலாம். மெதுவா இழுக்கவும்னு. எழுதறதுக்கு என்ன செலவு?"

அந்த வரியைக் காமியாவே உட்கார்ந்து எழுதினார். எழுதிவிட்டு, பைசா செலவில்லாமல் ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டார். டைரக்டருக்கு இருவர் மேலும் நம்பிக்கை உண்டு, அதனால் தீர்ப்புச் சொல்ல பயம். ஆளுக்கு ஒரு சோதனை வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போங்கள், நிஷிவாகிக்கு வார்ப்பு, காமியாவுக்குத் தகடு, நவம்பர் கடைசித் திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வோம் என்று தள்ளிப்போட்டார்.

காமியாவின் வண்டி ஒரு தகராறும் செய்யவில்லை. எப்படிச் செய்யும்? அவர் வீட்டுக்கு முன்னால் அறுவடை முடிந்த வயல் பரந்து கிடந்தது. அதில் ஒரு வட்டம் அடித்துத் திருப்பிக்கொள்வார். கம்பெனியிலும் எல்லாருக்கும் முன்னால் போய், நேரே வெளியே வருகிற மாதிரி வண்டியை நிறுத்துவார். ரிவர்ஸ் கியரைக் கல்யாணப் பெண் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தார். இதை ஏமாற்று என்று அவர் மனம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

கல்யாணப் பெண் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே நவம்பரில்தான் சச்சியேவுக்குக் கல்யாணம். நிஷியோ ஊரில் தேயிலை வியாபாரம் செய்கிற ஹட்டோரி குடும்பத்துப் பையன். எங்கள் மிகாவா பக்கத்து ஆட்களை வெளியூர்க்காரர்கள் எப்போதும் கேலி செய்வார்கள்: வருஷம் முழுக்க விளக்கை அணைத்து அணைத்து மிச்சம் பிடிப்பார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது எல்லா விளக்கையும் ஒரே நாளில் எரிப்பார்கள் என்று. காமியாவும் எங்கள் பக்கத்து ஆள்தானே. மகளுக்குப் பீரோ வாங்கக் கடைக்குப் போனவர், இருப்பதிலேயே உசத்தியான, முழுக்கக் கிரி மரத்தில் செய்ததைக் காட்டி இதைக் கொடு என்றார். விலையே பேசவில்லை. இந்த மனிதருக்கு உடம்பு சரியில்லையோ என்று கடைக்காரர் அவர் மனைவி ஹாட்சுயேவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

சீர் அனுப்புகிற நாளுக்கு முன்தினம் எல்லாச் சாமான்களையும் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், தையல் மெஷினைத் தடவிப் பார்த்தார்கள், பட்டு மெத்தைகளை அழுத்திப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாரும் பீரோ முன்னால் வந்து நின்றார்கள். மேல் டிராயரை மெதுவாகத் தள்ளினால், உள்ளே அடைபட்ட காற்று கீழ் டிராயரைத் தானாக வெளியே தள்ளுகிறது. அவ்வளவு இழைந்த வேலை. பெண்கள் வாயைப் பிளந்தார்கள். காமியா சுவரோரம் நின்று பெருமையை அடக்க முடியாமல் அடிக்கடி இருமினார்.

நிஷிவாகியும் வந்திருந்தார். டிராயரைத் தள்ளினார், இன்னொன்று வெளியே வந்தது. திரும்பவும் தள்ளினார்.

"நல்லா இருக்கு, காமியா சான். ஏன், இதுலயும் பலகைக்குப் பதிலா தகடு போட்டிருக்கலாமே? மெதுவா இழுக்கவும்னு ஒரு சீட்டு ஒட்டிவிட்டா முடிஞ்சுது."

"இது கல்யாணம். அது வியாபாரம்."

"அது சரி. நம்ம காரை வாங்கப் போறவங்க எல்லாம் யார் பெத்த பிள்ளைங்களோ, நமக்கென்ன."

சொல்லிவிட்டு நிஷிவாகி மிசோ விழுது தடவிச் சுட்ட தோஃபுவைத் தின்னப் போய்விட்டார். காமியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வீடு நிறைய ஆட்கள், ஆயிரம் வேலை. அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் நல்ல நாள். சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டின சீர் லாரி காலையிலேயே வாசலில் வந்து நின்றது. ஓட்டுகிறவர் குரோயானகி, வெள்ளைக் கையுறை போட்ட ஆகிருதியான மனிதர். சீர் ஏற்றின லாரியைத் தான் ஒரு அடிகூடப் பின்னால் எடுத்ததில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. இதற்காகவே நாலு ஊர் தாண்டியும் அவரைத் தேடி வருவார்கள். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சீர் வண்டி பின்னால் போனால் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள் என்று அர்த்தம். எதிரே யார் வந்தாலும் அவர்தான் பின்னால் போய் வழிவிட வேண்டும். அப்படி விடுகிறவருக்குப் பணம் வைத்து ஒரு கவர் கொடுப்பது முறை.

அந்தக் கவர்கள் ஒரு கட்டு, ஹாட்சுயேவின் கிமோனோ இடுப்புப் பட்டையில் செருகியிருந்தன. உள்ளே எவ்வளவு வைத்தாய் என்று கேட்ட காமியாவுக்கு அவள் சொன்ன பதிலில் மயக்கமே வந்துவிட்டது. பீரோவுக்கு விலை பேசாதவர்தான். ஆனால் பீரோ மகளுக்கு. கவர் யாரோ முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரனுக்கு. பழைய காமியா விழித்துக்கொண்டார்.

அவர் போட்ட திட்டம் இது. கொத்தோரியை எடுத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் தான் போவது. எதிரே எவனாவது வந்தால், அவன் குறுகலான இடத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே மடக்கி, இறங்கி, நன்றாகக் குனிந்து வணங்கி, சீர் வண்டி வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்வது. வணங்குவதற்குக் காசா, பணமா?

சச்சியே மாடி ஜன்னலில் நின்று தெருவில் கூடியிருந்தவர்களுக்குப் பலகாரப் பொட்டலங்களை வாரி வாரி வீசினாள். கிழவிகள்கூட ஏப்ரனை விரித்துக்கொண்டு பாய்ந்தார்கள். ஹாட்சுயே லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நிஷிவாகியும் கம்பெனிப் பையன்கள் சிலரும் சாமான்களைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஏறினார்கள். காமியாவின் குட்டிக் கார் முன்னால் தடதடவென்று கிளம்பியது.

திட்டம் அபாரமாக வேலை செய்தது. அரிசிக் கடை மூன்று சக்கர வண்டி ஒன்று அவர் வணங்கியதைப் பார்த்து ஓரம் கட்டியது. ஸ்கூட்டரில் வந்த புத்த சாமியார் ஒருவர் தானும் பதிலுக்கு வணங்கிவிட்டு வயல் வரப்பில் ஏறி நின்றார். நிஷியோ வரைக்கும் ஒரு கவர்கூடச் செலவாகவில்லை. காமியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு பழைய திருவிழாப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே போனார்.

ஹட்டோரி வீடு ஒரு நீளமான சந்தின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் உயரமான கறுப்புப் பலகைச் சுவர்கள். லாரி நுழைந்தால் பக்கத்துக்கு ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். காமியா சந்தைத் தாண்டி வீட்டு முற்றத்துக்குள் போனார். சம்பந்தி வீட்டார் நல்ல உடையில் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரு வணக்கம் போட்டு, முற்றத்திலேயே வண்டியைத் திருப்பினார். லாரி பெரிய ரோட்டில் காத்திருக்கும், சந்து காலி என்று போய்ச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அதற்குள் வேறு எவனும் உள்ளே நுழைந்துவிடக்கூடாதே என்று வேகமாக ஓட்டினார்.

பாதிச் சந்தில் திருப்பம் ஒன்று இருந்தது. அதில் திரும்பினார். எதிரே சந்தை அடைத்துக்கொண்டு சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மலை வந்துகொண்டிருந்தது.

சீர் லாரிக்கு எதிரே வரக்கூடிய ஒரே வண்டி அன்று அவருடையதுதான் என்பது காமியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குரோயானகி மரியாதையாக ஒரு தடவை ஹார்ன் அடித்தார். பின்னால் எடுத்தால் முற்றம், பாதிச் சந்துதான். கியர் கம்பியைப் பிடித்தார். பிடுங்கி இழுத்தார்.

உள்ளே கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கம்பி அசையவில்லை. வண்டி முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை.

லாரியின் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஹாட்சுயே கிமோனோவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து வந்தாள். ஹார்ன் கேட்டதுமே கவரை உருவக் குனிந்தவள், எதிரே வந்தவருக்கு முகம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்று தலையை நிமிர்த்தவே இல்லை. கார் ஜன்னல் அருகே வந்து, கவரை இரண்டு கையாலும் நீட்டி, நன்றாகக் குனிந்தாள்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும். எங்க பொண்ணோட சீர் வண்டி. தயவு பண்ணி கொஞ்சம் பின்னால எடுத்து வழி விட்டீங்கன்னா..."

பதில் வராததால் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வழி காலியா இருக்கான்னு பார்க்க வந்தேன்," என்றார் காமியா.

"பார்த்தாச்சா?"

அதற்குள் நிஷிவாகியும் பையன்களும் இறங்கி வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளையும் தேயிலைக் கடை ஆட்களும் ஓடி வந்தார்கள். நிஷிவாகி ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கம்பியை அசைத்துப் பார்த்தார், காதைச் சாய்த்துக் கேட்டார்.

"புத்தகத்துல என்ன எழுதியிருந்தீங்க, காமியா சான்?"

"மெதுவா இழுக்கவும்."

"இழுத்தீங்களா?"

காமியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். இரண்டு கியர் ஒன்றாக மாட்டிக்கொண்டதால் சக்கரம் பூட்டினது பூட்டினதுதான். தேயிலைக் கடை ஆள் ஒருவர் விவரம் தெரியாமல், லாரியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் என்ன என்று கேட்டுவிட்டார். குரோயானகி கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஹாட்சுயேவின் உதடு நடுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் காமியாவுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. பெற்ற மகளின் சீரை மறித்துக்கொண்டு நிற்கிறது, அவர் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. மிச்சம் பிடித்த ஒரு துண்டுத் தகடு.

"இதை உடைச்சுப் போடுங்க," என்றார். "கோடாலி கொண்டாங்க. துண்டு துண்டா உடைச்சு அள்ளிடுங்க. லாரி பின்னால போகக்கூடாது."

"உடைக்கிறது எதுக்கு?" என்றார் நிஷிவாகி. அவர் குரலில் அப்போது கேலி இல்லை. "இத்தனை வருஷமா இதோட எடையைக் குறைச்சுக் குறைச்சு எங்க உயிரை வாங்கினீங்களே. அது இன்னைக்கு உதவட்டும். டேய், எல்லாரும் வாங்கடா. தூக்குங்க."

காமியா இறங்கப் பார்த்தார். ஆட்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றதால் கதவு திறக்கவில்லை. நிஷிவாகி ஒன்று, இரண்டு என்றார். மூன்று என்பதற்குள் வண்டி மேலே எழும்பிவிட்டது. அவ்வளவு லேசாக வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வேகமாகத் தூக்கினதில் பின்பக்கம் ஒரு குதி குதிக்க, எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறவர்கள் கையில் ஒரு காரும், காருக்குள் ஒரு மனிதரும் ஆடினார்கள்.

கம்பெனிப் பையன்களில் யாரோ ஒருவன் "வாஷ்ஷோய்!" என்று குரல் கொடுத்தான். திருவிழாவில் சாமிப் பல்லக்கு தூக்கும்போது போடுகிற சத்தம். அதைக் கேட்டால் எங்கள் ஆட்களின் கால் சும்மா இருக்காது. எல்லாரும் வாஷ்ஷோய், வாஷ்ஷோய் என்று கத்திக்கொண்டு வண்டியைக் குலுக்கிக் குலுக்கிப் பின்னால் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு மூலையைத் தாங்கினான். பலகைச் சுவருக்கு மேலே அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்தன, யாரோ கை தட்டினார்கள். உள்ளே காமியா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உற்சவ மூர்த்தி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே குரோயானகியின் லாரி ஒரு அடிகூடப் பின்வாங்காமல் மெள்ள மெள்ள வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காயாமல் இருக்க, காமியாவும் சிரிக்க ஆரம்பித்தார்.

முற்றத்தில் வண்டியை இறக்கினார்கள். லாரி வந்து நின்றது. ஹாட்சுயே இடுப்பிலிருந்து கவர்க் கட்டை எடுத்து, தூக்கின ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து கொடுத்தாள். மிச்சம் பிடிக்க நினைத்த கவர் அத்தனையும் அவர் கண் முன்னால் போயிற்று. கடைசிக் கவரை எடுத்துக்கொண்டு புருஷனிடம் வந்தாள்.

"எனக்கு எதுக்கு?" என்றார் காமியா.

"எதிர்ல வந்து வழி விட்டவருக்குக் கொடுக்கணும். முறை."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் காமியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சொந்த மனைவிக்குக் குனிந்து நன்றி சொன்னார். நிஷிவாகி சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழி பறந்து போயிற்று.

பிறகு தேநீர். பச்சைப்பசேலென்று நுரைத்த தேநீரைக் குடித்துக்கொண்டே பெரியவர் ஹட்டோரி முற்றத்து ஓரத்தில் புதிதாகப் போட்டிருந்த கொட்டகையைக் காட்டினார். சச்சியே லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், வசந்தத்தில் கொத்தோரி வெளிவந்ததும் ஒன்று வாங்கப் போகிறோம், அதற்காகத்தான் என்றார்.

"இன்னைக்குச் சீர் வருதுன்னு முற்றத்தைக் காலி பண்ணி வச்சோம், சம்பந்தி. மத்த நாள்ல இங்க தேயிலைப் பெட்டி நிரம்பிக் கிடக்கும், திருப்பவே முடியாது. கொட்டகைலேருந்து ரோடு வரைக்கும் சந்து முழுக்க ரிவர்ஸ்லயேதான் போகணும். பொண்ணு பழகிக்குவா."

காமியா கிண்ணத்தைக் கீழே வைத்தார். இந்த நீளச் சந்து. இந்தச் சுவர்கள். தினம் தினம், மழையில், அவசரத்தில், நாளைக்கு ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்தால் அதையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, அவர் மகள் பின்னாலேயே போவாள். யார் பெற்ற பிள்ளைகளோ என்று நிஷிவாகி சொன்னபோது சுருக்கென்றது இப்போது ஆழமாக இறங்கியது. யாரோ பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படி ஒரு சந்து இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, தகடு ஃபோர்க் வேண்டாம், வார்ப்பே போடலாம் என்று சொன்னார். சோதனையில் என்ன நடந்தது என்று டைரக்டர் கேட்டார். காமியா ஒன்று விடாமல் சொன்னார், புத்தகத்தில் எழுதின வரி உட்பட. டைரக்டர் கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு வெளியே போய், சிரித்து முடித்துவிட்டு வந்தார்.

ஆனால் விலை விலைதான். மூன்றரை லட்சத்துக்கு மேல் ஒரு காசு ஏறாது என்பதில் காமியா அசையவில்லை. வார்ப்புக்கு ஆகிற செலவை வேறெங்காவது எடுத்தாக வேண்டும். வண்டியில் எடுக்க மிச்சம் என்ன இருக்கிறது என்று எல்லாரும் முழித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஷிவாகி பெருமூச்சு விட்டார். முன்பலகையில் ஒரு அழகான கடிகாரம் வைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சண்டை போட்டு வாங்கியிருந்தவர் அவர்தான்.

"கடிகாரத்தை எடுத்துடுங்க," என்றார். "மணி தெரியலைன்னா பக்கத்துல யாரையாவது கேட்டுக்கட்டும்."

காமியா அவரை நிமிர்ந்து பார்த்தார். அன்று சாயங்காலம் மனைவி கொடுத்த கவரை உடைத்து இரண்டு பேரும் விலாங்கு மீன் சாப்பிட்டார்கள். விலை பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

வசந்தத்தில் கொத்தோரி வந்தது. வார்ப்பு ஃபோர்க், மூன்றரை லட்சம் யென், கடிகாரம் கிடையாது. செர்ரிப் பூ உதிர்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை சச்சியே வெள்ளைக் கொத்தோரியில் தனியாகப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். வந்தவளை நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்காமல், சந்தில் பின்னால் வருவது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார் காமியா.

"ரெண்டே விரலால இழுத்தேன்ப்பா. வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு."

ஹாட்சுயே பெண்ணை விடவில்லை. மூங்கில் குருத்துச் சோறு சமைத்துப் போட்டாள், ஊர்க்கதை எல்லாம் பேசினாள். வயலில் இருட்டுகிற நேரத்தில்தான் சச்சியே பதறி எழுந்தாள். வழியிலேயே மணியைப் பார்த்துவைத்திருந்தால் சீக்கிரம் கிளம்பியிருப்பாளாம், வண்டியில் கடிகாரமே இல்லையே என்றாள். நிஷிவாகிக்கு ஒரு பாட்டில் சாகே வாங்கித் தர வேண்டும் என்று காமியா நினைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பிப் போவதை வாசலில் நின்று பார்த்தார். இப்போது வயலில் தண்ணீர் கட்டியிருந்தது. சின்னக் கார் வரப்பு ரோட்டில் கொஞ்ச தூரம் போயிற்று. போய் நின்றது. பிறகு அப்படியே பின்னால் அவரை நோக்கி வர ஆரம்பித்தது.

போன பெண் திரும்பி வருவது எங்கள் பக்கம் நல்ல சகுனம் இல்லை. காமியாவுக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனாலும் அந்த நிமிஷம் அவருக்கு இருந்த சந்தோஷம் ஆயுசில் இருந்ததில்லை. ஒரு முனகல் இல்லை, ஒரு கடக் இல்லை. கார் நேர்கோட்டில் பின்னாலேயே வந்து வாசலில் நின்றது. இடம் போதாதோ என்று அவர் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

சச்சியே ஜன்னலைத் திறந்து ஒரு தேயிலைப் பொட்டலத்தை நீட்டினாள். மாமனார் கொடுத்துவிட்டது, பேச்சில் மறந்துபோயிற்று என்றாள். அப்புறம் அவர் ஒதுங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்தாள்.

"வழி விட்டதுக்கு, அப்பா."